அறுபது கிலோ

கிட்ட வாருங்கள், என் செல்லங்களே. அந்தக் கதிரையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தேத்தண்ணி ஆறுவதற்கு முன் குடியுங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு பிளேன் ரிக்கெற்றின் கதை சொல்லப் போகிறேன். காதுக்கு இனிமையாய் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனாலும் நீங்களும் ஒரு நாள் யாருக்காவது ரிக்கெற் எடுத்துக் கொடுப்பீர்கள், அல்லது யாராவது உங்களுக்கு எடுத்துத் தருவார்கள். அதனால் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லுவேன். இடையில் பசித்தால் வாயைத் திறந்து கேளுங்கள், நிறுத்திவிட்டு ரொட்டி சுட்டுத் தருகிறேன்.

சிட்னிப் பக்கம் நார்த்மீட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி டெஸ்மன்ட் இருக்கிறார். மன்னார் ஆள், ஐம்பத்திரண்டு வயது. பிளாக்டவுனில் ஒரு பண்டகசாலையில் வேலை. மனைவி பிறின்சி முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். டெஸ்மன்டுக்குச் சம்பளம் பண்டகசாலையிலிருந்து வந்தாலும் பேர் வந்தது ரிக்கெற்றால். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலுக்கு வந்தாரென்றால் நாலு பேர் சுற்றிக்கொள்வார்கள்.

“டெஸ்மன்ட் அண்ணை, ஜூலையில கொழும்புக்கு எது மலிவு?”

“நேராப் போற பிளேனைப் பாக்காதையும். அது காசு கூடின விசரருக்கு. ரெண்டு ரிக்கெற்றா உடைச்சு எடுக்கோணும். முதல் பாதிக்கு ஒருத்தன், மற்றப் பாதிக்கு வேற ஒருத்தன். நடுவில பத்து மணித்தியாலம் இருந்தா என்ன? எயார்போட்டில கதிரை சும்மாதானே கிடக்குது!”

அந்தச் சும்மா கிடக்கும் கதிரைகளில் எத்தனை பேரை இருத்தியிருக்கிறார் தெரியுமா? இருதய வருத்தக்காரர் ஒருவரை மூன்று விமான நிலையம் சுற்றி லண்டனுக்கு அனுப்பினார். போய் இறங்கியபோது அந்த மனிதரின் கால்கள் சப்பாத்துக்குள் போகவில்லையாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “வீங்கின கால் வத்தும். மிச்சம் பிடிச்ச இருநூத்திப் பத்து டொலர் வேற ஆர் தருவாங்கள்?” சுற்றி நிற்பவர்களும் சிரிப்பார்கள். நானும் ஒரு நாள் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வாயைக் கழுவ வேண்டும்போல் இருக்கிறது.

பிறின்சிக்கு ஒரு தங்கை, ஜெசிந்தா. மன்னார் ஆஸ்பத்திரியில் தாதி. கணவன் விட்டுப் போய் நாலு வருடம். செறின் என்று ஐந்து வயதில் ஒரு மகள். வேலைக்கும் போய், பிள்ளையையும் பார்த்து, ஆங்கிலப் பரீட்சையை இரண்டு தரம் எழுதி, அவுஸ்திரேலியாவில் நிரந்தரமாய் இருக்கும் விசாவைத் தனக்கும் பிள்ளைக்குமாய் அவள் எடுத்துவிட்டாள். ஒக்ரோபரில் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தில் ஒரு வரி: மார்ச் பதினான்காம் திகதிக்குள் ஒரு தரமாவது நாட்டுக்குள் வந்துவிட வேண்டும். பிந்தினால் விசாவை இரத்துச் செய்யலாம். பிள்ளைகள், இந்தத் திகதியை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒரு பெண்ணும் அவள் பிள்ளையும் இந்தத் திகதியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜெசிந்தா நவம்பரிலேயே வரத் துடித்தாள். டெஸ்மன்ட் விடவில்லை. நவம்பரில் விலை கூட என்றார். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை. ஜனவரியில் படிக்க வருகிற பிள்ளைகளால் பிளேன் நிரம்பி வழியுமாம். “தவக்காலம் தொடங்கட்டும். தவக்காலத்தில ஆர் பறக்கிறான்? விலை தன்ர பாட்டில விழும்.” அவள் அத்தானை நம்பினாள். வேலையை விட்டாள். வாடகை வீட்டுத் திறப்பை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளையோடு சிநேகிதி வீட்டில் ஓர் அறையில் இருந்தாள்.

மார்ச் முதல் கிழமை ஒரு பின்னேரம் பிறின்சியிடம் வாங்கிய சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். டெஸ்மன்ட் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து கூவினார்.

“விழுந்திட்டுது! கொழும்பிலயிருந்து கோலாலம்பூருக்கு ஒரு ரிக்கெற், அங்கயிருந்து மெல்பேர்ணுக்கு இன்னொண்டு. பன்ரண்டாம் திகதி வெளிக்கிட்டா பதின்நாலு காலமை மெல்பேர்ண்!”

“மெல்பேர்ணோ?” என்றாள் பிறின்சி. “நாங்கள் சிட்னியிலயெல்லே இருக்கிறம்?”

“சிட்னிக்கு ஆளுக்கு நூத்தி நாப்பது டொலர் கூட. மெல்பேர்ணில இறங்கிப் பஸ்ஸில வரட்டும். பன்ரண்டு மணித்தியாலந்தான். நாட்டையும் சுத்திப் பாத்த மாதிரி.”

“பதின்நாலு கடைசி நாளப்பா.”

“பதின்நாலுக்குள்ள எண்டா பதின்நாலும் சேர்த்திதான். நாலு நாளைக்கு முன்னம் வந்து நிண்டா ஆர் மாலை போடப் போறாங்கள்? அதை விடும், இதைக் கேளும். பிள்ளைக்கும் முழு ரிக்கெற். அப்ப பிள்ளைக்கும் பெட்டிக்கு முப்பது கிலோ. அறுபது கிலோ, பிறின்சி! அறுபது!”

ஐந்து வயதுப் பிள்ளையைத் தராசில் ஏற்றி நிறுத்துவிட்டவர்போல அவர் கையைத் தேய்த்தார். அப்போதே எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது.

எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் அவர் பெட்டியில் எல்லோருக்கும் ஒரு மூலை இருக்கும். ஒரு சரை மிளகாய்த்தூள், ஒரு போத்தல் ஊறுகாய். அதை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் வாங்கித் தின்றவள்தான். ஆனால் அவர்கள் விடுமுறைக்கு வந்து போகிறவர்கள். இவள் குடிபெயர்ந்து வருகிறவள். இனி மன்னாரில் அவளுக்கு ஒரு அலுமாரியும் இல்லை, ஒரு கட்டிலும் இல்லை. அவள் வாழ்க்கை முழுவதும் அந்த அறுபது கிலோவுக்குள் வர வேண்டும்.

டெஸ்மன்ட் அந்த அறுபது கிலோவைக் கோயில் வாசலில் வைத்துப் பங்கு போட்டார். பிலோமினம்மாவுக்குப் பன்னிரண்டு கிலோ கருவாடு. தவக்காலத்தில் அவ இறைச்சி தொடமாட்டா, அதனால் மன்னார்க் கருவாடு வேண்டுமாம். சத்தியபாமாவுக்கு மகளின் கலியாணத்துக்குத் தைத்த சட்டைகளும் சேலைகளும். இன்னும் யாருக்கோ பனங்கிழங்கு ஒடியல், யாருக்கோ குத்துவிளக்கு. ஒருத்தி உரல் கேட்டாள். கல் உரல், ஒன்பது கிலோ! அதற்கும் சரியென்று தலையாட்டினார்.

ஜெசிந்தா போனில் கெஞ்சியது என் காதில் விழுந்தது.

“அத்தான், என்ர தாதிப் புத்தகங்கள் ஒரு எட்டுக் கிலோதான் வரும். செறின்ர உடுப்பு கொஞ்சம்…”

“புத்தகமெல்லாம் இப்ப கொம்பியூட்டரில கிடக்குது. பிள்ளைக்கு உடுப்பு இஞ்ச அள்ளி எடுக்கலாம். கையில கொண்டு வாற பையில உம்மட சாமானை வையும். அதிலயும் சத்தியபாமான்ர கூறைச் சேலையை மேலால வையும், கசங்கக் கூடாது.”

பதின்மூன்றாம் திகதி வியாழக்கிழமை. பிறின்சி லீவு போட்டுவிட்டு அறை ஒழுங்கு செய்து, குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். நான் முருங்கை இலை ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். டெஸ்மன்டுக்குப் பின்னேர வேலை, வீட்டில்தான் நின்றார். பகல் பன்னிரண்டு மணி இருக்கும், கோலாலம்பூரில் காலை ஒன்பது. போன் அடித்தது. பிறின்சி மா பூசின கையோடு ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, பெட்டி எடுக்கப் போக விடுறாங்கள் இல்லை.”

பின்னால் பிள்ளை அழுகிற சத்தம். பிளேனில் மூன்று தரம் சத்தி எடுத்தாளாம், குடித்த பால் முழுவதும் வெளியே வந்துவிட்டதாம். மாற்றுவதற்குக் கைப்பையில் இருந்தது ஒரே ஒரு சட்டை. அதுவும் நனைந்துவிட்டது. ஏசிக் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறாளாம்.

“ஏன் விடமாட்டாங்கள்?” என்று டெஸ்மன்ட் ஓடி வந்தார். “ஆர் அங்க நிக்கிறது? போனைக் குடும் பாப்பம்!”

பிளேன் மாறிப் போகிறவர்களுக்கான மேசையில் இருந்தவள் மலேசியத் தமிழ்ப் பிள்ளை. தேஜஸ்வினி என்று தன் பெயரைச் சொல்லி ஆறுதலாய்ப் பேசினாள்.

“சார், இவங்களோட ரெண்டு டிக்கெட்டும் தனித்தனி. அதனால பேக் இங்கயே இறங்கிடுச்சு, வெளிய பெல்ட்ல இருக்கு. அத எடுத்து மெல்பர்ன் பிளைட்டுக்குப் போடணும்னா இமிகிரேஷன் தாண்டிப் போகணும். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு அதுக்கு விசா வேணும் சார்.”

“என்ன விசா? போன வருசம் நானும் மனிசியும் இதே வழியாலதான் வந்தனாங்கள். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. வெளிய போய் ரொட்டியும் திண்டிட்டு வந்தனாங்கள்!”

“நீங்க என்ன பாஸ்போர்ட் சார் வச்சிருக்கீங்க?”



என்ன பாஸ்போர்ட்! பதினெட்டு வருடமாய் அவுஸ்திரேலியப் பாஸ்போர்ட். எந்த வாசலில் நீட்டினாலும் சிரித்துக்கொண்டு முத்திரை குத்தித் தருகிற புத்தகம். தன் கையில் இருப்பதுதான் உலகத்தில் எல்லார் கையிலும் இருக்கிறது என்று நினைத்துவிட்டார். இதே மனிதர் இளந்தாரியாய் இலங்கைப் பாஸ்போர்ட்டோடு வந்தபோது பாங்கொக்கில் இரண்டு நாள் தரையில் படுத்துக் கிடந்தவர். அந்தக் கதையை எத்தனை நத்தார் விருந்தில் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்! சொல்லத் தெரிந்தது, ரிக்கெற் எடுக்கும்போது நினைக்கத் தெரியவில்லை.

“இப்ப என்ன வழி, தங்கச்சி?” என்று கேட்டது பிறின்சி.

“கைப்பை மட்டும்னா நான் இங்கயே செக்-இன் பண்ணிக் குடுத்துருவேன் மேடம். வெளிய போகவே வேணாம். பேக் ரெண்டும் வேணாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும். ரெண்டு மணி வரைக்கும் என் டியூட்டி, அதுக்குள்ள சொல்லுங்க.”

“விடுறதோ? விசராக்கும்!” டெஸ்மன்டின் கழுத்து நரம்பு புடைத்தது. “ஜெசி, நீர் உங்கயே இரும். நான் ஒன்லைனில விசா போடுறன். ரெண்டு மூண்டு நாளில வந்திடும். பெட்டியளை எடுத்துக்கொண்டு அடுத்த கிழமை வரலாம், மலிவா வேற ரிக்கெற் பாக்கிறன்.”

“அத்தான்… நாளைக்குப் பதின்நாலு.”

“தெரியும். பிளேன் பிந்திப்போச்செண்டு இமிகிரேசனுக்கு ஒரு ஈமெயில் அடிக்கலாம். அவங்களுக்கு உதைப் பாத்துக்கொண்டிருக்கிறதே வேலை?”

“ஈமெயில் அடிச்சு அவங்கள் ஏலாதெண்டா?” என்றாள் பிறின்சி. “வேலையும் இல்லை, வீடும் இல்லை. பிள்ளையோட எங்க திரும்பிப் போவாள்?”

“உமக்கு ஒண்டும் விளங்காது. கருவாடு மட்டும் பன்ரண்டு கிலோ! ஆக்களிட்டக் கிலோவுக்கு எட்டு டொலர்படி வாங்கிப்போட்டன், ஆருக்கு நான் பதில் சொல்லுறது?”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார்.

இதுவரை ‘அவர்’ என்று மரியாதை கொடுத்துக்கொண்டு வந்தேன், பிள்ளைகள். இனி என் வாய் வராது. அவன் என்றே சொல்கிறேன். சேவை, சேவை என்று கோயில் வாசலில் நெஞ்சை நிமிர்த்தியவன், ஒரு தாதிப் பெண்ணின் புத்தகத்துக்கும் பிள்ளையின் சட்டைக்கும் இருந்த இடத்தைக் கிலோக் கணக்கில் விற்றிருக்கிறான். அவளுக்கே தெரியாமல். கட்டின பெண்சாதிக்கும் தெரியாமல். எனக்கு அந்தக் குசினியில் நின்ற கருவேப்பிலை மணமும் நாறியது.

“எட்டு டொலரோ?” பிறின்சியின் குரல் உயரவில்லை. “என்ர தங்கச்சீன்ர கிலோவை வித்தனீங்களோ?”

“விக்கேல்லயப்பா… ஒரு செலவுக்கு…”

பிறின்சி மாக் கையைத் துடைக்கவும் இல்லை. போனை எடுத்து ஸ்பீக்கரை நிறுத்திக் காதில் வைத்தாள். இருபத்திரண்டு வருடம் அவன் சொன்ன ரிக்கெற்றில் ஏறி, அவன் சொன்ன கதிரையில் இருந்தவள்.

“ஜெசி, அக்கா சொல்லுறன். கையெழுத்தைப் போட்டிட்டு ஏறு.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

“அத்தான் இஞ்சதான் நிக்கிறார். அவர் ஏறத் தேவையில்லை. நீ ஏறு.”

பிறகு அவள் தன் வங்கி அட்டையை எடுத்து, மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்கு இரண்டு பிளேன் ரிக்கெற் எடுத்தாள். அவன் கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டான்: “கடைசி நேரத்தில எவ்வளவு விலையெண்டு பாத்தனீரே?”

“பாக்கேல்ல,” என்றாள்.

அடுத்த நாள் காலை ஒன்பதரைக்கு மெல்பேர்ணிலிருந்து செய்தி வந்தது. அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டையும் பார்த்தாராம், செறினைப் பார்த்துக் கையசைத்தாராம், போகலாம் என்றாராம். பிறின்சி அதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். பின்னேரம் சிட்னி விமான நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். இரண்டு சின்னக் கைப்பைகளோடு அவர்கள் வெளியே வந்தார்கள். ஒரு நாடு மாறி வருகிறவர்களின் முழுச் சாமானும் அவ்வளவுதான். செறினை ஒரு சிவப்புப் பட்டில் சுற்றித் தோளில் போட்டிருந்தாள் ஜெசிந்தா. கிட்டப் போனால் புளித்த பால் மணம். அது சத்தியபாமாவின் மகளின் கூறைச் சேலை.

வீட்டுக்கு வந்து பிள்ளையைக் குளிப்பாட்டி, இரண்டு வாய் சோறு கொடுப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள். பிலோமினம்மாவும் சத்தியபாமாவும். பிலோமினம்மா கையில் செபமாலை, வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்குப் போகிற வழியாம். உள்ளே வந்தவ, மேசையில் இருந்த புதுப் பெண்ணை ஒரு பார்வை, அவ்வளவுதான். கண் நேரே சுவரோரத்துக்குப் போனது.

“எங்க பெட்டியள்?”

டெஸ்மன்ட் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறின்சிதான் சொன்னாள். “கோலாலம்பூரில சுத்திக்கொண்டிருக்குது அன்ரி.”

“ஐயோ, அப்ப என்ர கருவாடு? நான் காசும் குடுத்திட்டன். தவக்காலம் முடியிறதுக்குள்ள வந்திடுமோ?”

அந்த வாயால்தான் அவ கோயிலில் முதல் வரிசையில் இருந்து செபம் சொல்லுகிறவ. வந்தவளுக்கு என்ன பெயர், சாப்பிட்டாளா, பிள்ளைக்கு ஏன் முகம் வெளிறிக் கிடக்கிறது, ஒன்று கேட்கவில்லை. எனக்கு எழும்பிப் போய்த் துப்பிவிட்டு வரலாம் போல் இருந்தது. துப்பவில்லை, உங்களுக்கு முன்னால் பொய் சொல்ல மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

ஜெசிந்தா தலையை நிமிர்த்தினாள். “அந்தப் பெட்டியளுக்க எங்கட சாமான் ஒண்டும் இல்லை அன்ரி. அதால எங்களுக்கு ஒண்டும் துலையேல்ல.”

பிறகு எழும்பிப் போய், மடித்து வைத்திருந்த கூறையைக் கொண்டு வந்து சத்தியபாமாவிடம் நீட்டினாள். “குறை நினைக்காதைங்கோ அக்கா. இது கையில வந்தது. பிள்ளை குளிரில நடுங்கினவள், வேற ஒண்டும் இருக்கேல்ல. சத்தியும் எடுத்துப்போட்டாள்.”

சத்தியபாமா சேலையை விரித்தார். மூக்கைச் சுளித்தார். நான் அடுத்து என்ன வரப் போகிறதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சேலையைத் திரும்ப மடித்துக் கதிரையில் வைத்தார். “உலர் சலவைக்குக் குடுத்தாப் போகும். போகாட்டி வேற எடுப்பம். பிள்ளைக்கு எத்தினை வயசு? என்ர மூத்தவளின்ர மகளுக்கு ஆறு, அவளின்ர சின்ன உடுப்புகள் ஒரு பை நிறையக் கிடக்குது, நாளைக்குக் கொண்டு வாறன்,” என்றார். பிலோமினம்மா அதைக் கேளாதவபோல் நேரத்தைப் பார்த்தா.

பிறின்சி அறைக்குள் போய் டெஸ்மன்டின் மேசை லாச்சியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து வந்தாள். அவன் கண்ணுக்கு முன்னாலேயே பிலோமினம்மாவின் காசை எண்ணி அவ கையில் வைத்தாள். சத்தியபாமா வேண்டாம் என்று கையை எடுத்துவிட்டார். பிலோமினம்மா ஒரு தரம் தானும் எண்ணிப் பார்த்து, செபமாலையோடு சேர்த்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, “சிலுவைப்பாதைக்கு நேரமாச்சு, போட்டு வாறன்,” என்று கிளம்பினா.

டெஸ்மன்ட் கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தான். பெட்டிகளைத் திருப்பிக் கேட்டு பிளேன் கொம்பனிக்கு எழுதத் தொடங்கினான். மன்னிப்பு என்று ஒரு சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. “ஜெசி கொஞ்சம் கெட்டித்தனமாக் கதைச்சிருந்தா வெளிய விட்டிருப்பாங்கள்” என்று கோயில் வாசலில் சொல்லித் திரிகிறான். சுற்றி நிற்கிறவர்கள் இப்போதும் கேட்கிறார்கள், அதுதான் எனக்கு இன்னும் கூட அருவருப்பு.

அன்று செறின் சோற்றுக் கோப்பைக்கு முன்னாலேயே தூங்கி விழுந்தாள். பிறின்சி அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். ஜெசிந்தா யன்னலுக்கு வெளியே பார்த்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது.

“அக்கா, இண்டைக்கு இன்னும் பதின்நாலுதானே?”

“ஓம். இன்னும் பதின்நாலுதான்.”

“அப்ப நாங்கள் வந்திட்டம்.”

“வந்திட்டியள்.”

அதைக் கேட்ட பிறகுதான் அவள் கால் செருப்பைக் கழற்றினாள்.

போதும், பிள்ளைகள். கோப்பைகளை அப்படியே வையுங்கள், நான் கழுவுகிறேன். உங்கள் வீட்டு அடுப்பில் எந்த நேரம் வந்தவருக்கும் ஒரு பிடி சோறு இருக்கட்டும். தூரத்தில் இருக்கும் உங்கள் ஆட்கள் சொன்ன நாளில், சுகமாய், தங்கள் சாமானோடு உங்கள் வாசலுக்கு வந்து சேரட்டும். வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வீடாய் உங்கள் வீடு என்றைக்கும் நிறைந்திருக்கட்டும்.